கத்தி சேர்த்தல் பொருளீட்டும் வழியாகுமோ?

பொருள் தேடுதலும், தேடியதைப் பெருக்குதலும் மக்கட்கு இயல்பேயாம். நம் முன்னோர் நிலத்திலும் பொன்னிலும் தம் பொருளை இட்டனர். இக்காலத்தார் வங்கியையும் பங்குகளையும் நாடுகின்றனர். அண்மையில் மற்றொரு வழியும் சிலரால் புகழப்படுகிறது. பழைய வாள், கட்டாரி, பிச்சுவா முதலியவற்றை வாங்கிப் பேழையில் வைத்திருந்தால், அவை பல ஆண்டுகட்குப் பின் பன்மடங்கு விலைபெறும் என்பதே அது. நம் மாணவ நண்பருள்ளும் சிலர் இக்கொள்கையுடையராய் இருத்தலின், இதனைக் குறித்து நம் அபிப்பிராயத்தைக் கூறுதல் தகும் என்று எண்ணுகின்றோம்.

இக்கொள்கையினர் முதற்கண் எடுத்துக்காட்டுவது திப்பு சுல்தானின் பள்ளியறை வாள். 1799-ஆம் ஆண்டு மே 4-ஆம் நாள் சீரங்கப்பட்டணம் வீழ்ந்தபின், அவ்வாள் படைத்தலைவர் டேவிட் பேர்டு என்பாருக்குப் பரிசாக அளிக்கப்பட்டது. 2023-ஆம் ஆண்டு மே மாதத்தில் இலண்டனில் பான்ஹாம்ஸ் என்னும் ஏலக்கடையார் அதனை ஏலத்திற்குக் கொணர்ந்தபோது, கட்டணம் உட்பட 1,40,80,900 பவுனுக்கு விலைபோயிற்று. ஒரு வாளுக்கு இத்துணைப் பொருளா என்று கேட்டார் அனைவரும் வியந்தனர்.

வியப்பு நீங்கியபின் சிறிது கணக்கிட்டுப் பார்ப்போம். 1799-க்கும் 2023-க்கும் இடையே 224 ஆண்டுகள் கழிந்தன. நூற்றுக்கு ஐந்து வீதம் கூட்டு வட்டிக்கு விட்டிருந்தால், அன்று இட்ட ஒரு பவுன் இத்தனை ஆண்டுகளில் ஐம்பத்தையாயிரத்துக்கு மேற்பட்ட பவுனாகப் பெருகியிருக்கும். எனவே, பேர்டு துரை வாளைப் பெறாது ஏறக்குறைய 250 பவுனைப் பெற்று, அதனை வட்டிக்கு விட்டுத் தலைமுறை தலைமுறையாகக் கைவையாது காத்திருந்தாலும், அவருடைய வழியினர் இதே தொகையை அடைந்திருப்பர்! உலகில் மிகப் புகழ்பெற்ற வாள்களுள் ஒன்று ஈட்டிய ஊதியம் இவ்வளவே. பெயரும் வரலாறும் இல்லாத கத்தியின் ஊதியத்தை வாசகர்களே அளந்துகொள்ளலாம்.

அன்றியும், விலைபோன வாளைப் பற்றியே நாம் கேள்விப்படுகிறோம். விலைபோகாததைப் பற்றிக் கேட்பதில்லை. அதே ஆண்டு அக்டோபர் மாதத்தில் அதே மன்னருடையதாகச் சொல்லப்பட்ட மற்றொரு வாள், இலண்டனிலேயே வேறோர் ஏலத்திற்கு வந்து, கொள்வார் இன்றித் திரும்பிற்று. பொன்னுக்கு ஒவ்வொரு நாளும் விலையுண்டு. எந்த ஊர்க் கடைவீதியிலும் அதனை மாற்றிக்கொள்ளலாம். கத்திக்கோ, அதனை விரும்பும் ஒருவன் அகப்படும் நாளில் அவன் சொல்வதே விலை.

இவ்வுண்மையைக் கீழக்கரையாருக்கு எவரும் கற்பிக்க வேண்டுவதில்லை. முத்தும் சங்கும் வாணிகஞ் செய்த ஊர் அது. வள்ளல் சீதக்காதியின் மரக்கலங்கள் சென்றுவந்த கடல் அது. கடல் ஈன்ற முத்துக்கு என்றும் குறையாத விலையுண்டு என்று எண்ணிய காலம் ஒன்றிருந்தது. ஜப்பான் தேசத்து மிகிமோட்டோ என்பவர் 1893-ஆம் ஆண்டில் சிப்பியினுள் முத்தை வளர்க்கக் கண்டார். வளர்ப்பு முத்து உலகச் சந்தைகளை நிரப்பியபின் இயற்கை முத்தின் விலை சரிந்தது. மன்னார்க் குடாவின் பார்களும் வளங்குன்ற, 1961-ஆம் ஆண்டோடு பெரிய முத்துக்குளிப்பும் நின்றுபோயிற்று. அருமையினால் ஏறிய விலை, அருமை நீங்கின் இறங்கும் என்பதற்கு இதைவிட அண்மையில் வேறு சான்று வேண்டா. கத்திச் சந்தையிலும் இப்போது வளர்ப்பு முத்துக்கள் மலிந்துவிட்டன. பழைய அலகிற்குப் புதிய பிடியும், புதிய அலகிற்குப் பழைய துருவும் ஏற்றிப் புராதனம் என்று விற்பார் பலர். முத்தைக் கண்ணாலும் விரலாலும் ஆராய்ந்து தேறியவர் ஒரு வாழ்நாளைச் செலவிட்டே அவ்வறிவைப் பெற்றனர். கத்தியை அறிதற்கும் அத்துணைக் காலம் வேண்டும்.

சட்டமும் கருதத்தக்கது. 1959-ஆம் ஆண்டின் ஆயுதச் சட்டமும் அதன் விதிகளும் வாள், குத்துவாள் முதலியவற்றையும், 9 அங்குலத்திற்கு மேல் நீண்ட அல்லது 2 அங்குலத்திற்கு மேல் அகன்ற அலகுடைய கத்திகளையும் ஆயுதமாக எண்ணுகின்றன. வீட்டு வேலை, உழவு முதலியவற்றிற்கு ஆனவை விலக்குப் பெறும். நூறாண்டு கடந்த பொருளாயின், 1972-ஆம் ஆண்டின் தொல்பொருட் சட்டப்படி தனியார் எவரும் அதனை வெளிநாட்டுக்கு அனுப்புதல் கூடாது. ஆகவே இலண்டன் விலையைக் கேட்டு நம் ஊர்க் கத்தியை மதிப்பிடுதல், அயலூர்ச் சந்தை விலையைக் கேட்டு அங்கே கொண்டுசெல்ல இயலாத சரக்கை மதிப்பிடுதல் போலாம்.

இவையெல்லாவற்றிற்கும் மேற்பட்ட பகை ஒன்றுண்டு, அது துரு. பூமியில் சேர்க்கும் பொக்கிஷத்தைத் துரு கெடுக்கும் என்று நம் ஆண்டவர் மலைப்பிரசங்கத்தில் எச்சரித்ததை, உப்புக்காற்று வீசும் கடற்கரையில் இரும்பை வைத்திருப்பவன் கண்கூடாகக் காண்பான்.

இவ்வளவும் கூறியதால், பழைய கத்திகள் பயனற்றவை, எறிந்துவிடுக என்று நாம் சொல்வதாக எவரும் கொள்ளற்க. நம் கருத்து அதற்கு நேர்மாறானது. அதனை விளக்கத் தஞ்சையில் நிகழ்ந்த ஒன்றைக் கூறுவோம்.

1855-ஆம் ஆண்டில் தஞ்சையின் கடைசி மராட்டிய மன்னர் ஆண்மகவின்றி இறந்தார். அவ்வரசைக் கும்பினியார் கைக்கொண்டனர். அரண்மனைப் படைக்கலக் கொட்டிலில் நாயக்கர் காலந்தொட்டுச் சேர்ந்த வாள்களும் கட்டாரிகளும் குவியல் குவியலாகக் கிடந்தன. சில காலத்திற்குப்பின் அவற்றுட் சிலவே சென்னை அருங்காட்சியகத்திற்கென்று தெரிந்தெடுக்கப்பட்டன. எஞ்சியவை உடைக்கப்பட்டுப் பழைய இரும்பாக விற்கப்பட்டன. அக்காலத்து அதிகாரியாயிருந்த வால்ஹவுஸ் என்பவர் 1878-ஆம் ஆண்டில் 'இந்தியன் ஆண்டிகுவரி' என்னும் சஞ்சிகையில் இதனை வருத்தத்தோடு எழுதிவைத்துள்ளார். தப்பிப் பிழைத்த தஞ்சைக் கட்டாரிகளை நம்மவர் காண விரும்பினால் சென்னைக்குச் செல்லலாம். பிற நாட்டு அருங்காட்சியகங்களுக்கும் செல்லலாம். வாள் கொழுவாக அடிக்கப்படும் நாளை ஏசாயா தீர்க்கதரிசி கண்டார். தஞ்சை வாள்கள் கொழுவாகவும் ஆகவில்லை, எடைக்குப் போயின.

அன்று அழிந்தது இரும்பு மட்டுமன்று. இக்காலத்து விஞ்ஞானிகள் வியந்து ஆராயும் தென்னாட்டு உருக்கின் இரகசியத்தில் ஒரு பகுதியும் அவற்றோடு சென்றது. மின்சார நூலின் தந்தையாகிய மைக்கேல் பாரடே, 1819-ஆம் ஆண்டில் நம் நாட்டு உருக்கை ஆராய்ந்து கட்டுரை வரைந்தார். பின்னர்ப் பலவகை எஃகுக் கலவைகளையும் செய்து பார்த்தார். அவர் கையிற் கிடைத்த ஒரு துண்டு உருக்கு ஓர் ஆராய்ச்சிக்கு வித்தாயிற்றெனின், உடைபட்ட குவியலில் எத்தனை வித்துக்கள் இருந்தனவோ!

தஞ்சை தொலைவிலுள்ளது, அது நடந்ததும் முன்னொரு காலம் என்று எண்ணுவார்க்குக் கீழக்கரையில் நாம் கண்டதைச் சொல்வோம். பழைய வீடொன்றைப் பிரித்துக் கட்டுங்கால், மாடியறைப் பெட்டியில் மூன்று கத்திகள் இருந்தன என்று கேள்வியுற்றுக் காணச் சென்றோம். வீட்டுப் பெரியவர் எம்மை அமர்த்தி, ஒரு கத்தியை மட்டும் துணியிற் சுற்றிக் கொணர்ந்தார். பாம்புபோல் வளைந்த அலகுடைய மலாய் நாட்டுக் கிரீஸ் அது. மற்றவை எங்கே என்று கேட்டோம்.

"போன மாதம் பழைய இரும்பு எடுக்கிறவனிடம் போட்டுவிட்டோம் தம்பி. ஒன்றுக்கு வெள்ளிப்பிடி இருந்தது. அதைக் கழற்றித் தட்டானிடம் கொடுத்தோம். இதை மட்டும் என் வாப்பா கப்பலில் கொண்டுவந்தது என்று உம்மா சொல்வார்கள். பினாங்கிலிருந்தோ, ஜாவாவிலிருந்தோ, அது தெரியாது" என்றார் அவர்.

இரும்பு என்ன விலைக்குப் போயிற்று என்று நாம் கேட்கவில்லை. வெள்ளிப்பிடிக் கத்தி கண்டிக் கொல்லர் வேலையோ, வேறெந்நாட்டதோ, இனி அறிய வழியில்லை. எஞ்சிய ஒன்றைப் பற்றியும், "உம்மா சொல்வார்கள்" என்னும் ஒரு சொல்லே மிஞ்சியது. அச்சொல்லும் அப்பெரியவரோடு முடிந்துபோகும். ஆகவே அதனை அப்போதே ஒரு தாளில் எழுதி, நாளிட்டு, கத்தியோடு சேர்த்துக் கட்டி அவர் கையிற் கொடுத்தோம். அவர் அத்தாளை வாங்கிப் படித்துவிட்டு, "இதுவரை இது வெறும் இரும்பாக இருந்தது" என்றார்.

நாம் இத்தனை பக்கத்தாற் சொல்ல முயல்வதை அவர் ஒரு வாக்கியத்தில் முடித்துவிட்டார். திப்புவின் வாள் அத்துணை விலை பெற்றதும் அதனாலேயே. யாருடையது, எப்பொழுது யார் கையினின்று யார் கைக்கு வந்தது என்னும் வரலாறு அதனோடு அறாது தொடர்ந்து வந்தது. வரலாறு அறுந்தால் வாளும் எடைக்கு வரும்.

ஆதலின் நம் மாணவ நண்பர்கட்கும் பழைய மாணவர்கட்கும் சில சொல்வோம். பொருளைப் பெருக்க விரும்பின், கத்தியை நம்பற்க. வங்கியும் நிலமும் இருக்கின்றன. உங்கள் இல்லத்தில் பழைய கத்தியோ, வாளோ, வளரியோ இருப்பின், அதனை இரும்பு எடைக்கு விடற்க. மினுக்குதற்பொருட்டு மணற்றாளால் தேய்க்கற்க. அலகின் மேலுள்ள நுண்வரிகள் தேய்ந்தால் மீளா. தோலுறை ஈரத்தை உட்கொள்ளுமாதலால், அலகை உறையினின்று எடுத்துத் துடைத்து, மெல்லிய எண்ணெய் பூசி, உலர்ந்த இடத்தில் வைக்க. வீட்டு முதியோரிடம் கேட்டு, அதன் வரலாற்றை எழுதி வைக்க. காப்பதற்கு இயலாதார் அருங்காட்சியகத்திற்கு அளிக்க. கீழக்கரைக்கு அணித்தே இராமநாதபுரத்தில் சேதுபதிகளின் இராமலிங்க விலாசம் தொல்லியல் துறையின் அருங்காட்சியகமாக விளங்குகின்றது. அங்கே மறவர் எறிந்த வளரியை இன்றும் காணலாம்.

புதிதாக ஒன்றை வாங்கியே தீரவேண்டும் என்பார், வையைக் கரையிலுள்ள திருப்பாச்சேத்திக்குச் சென்று, உலைமுன் நின்று, கொல்லர் அடிக்கும் அரிவாள் ஒன்றை வாங்குக. அதன் விலை ஏறாது. ஆயினும் அவ்வுலை அணையாதிருக்க அது உதவும்.

ஔவையார் தொண்டைமானின் படைக்கொட்டிலைக் கண்டு பாடிய புறப்பாட்டு ஒன்றுண்டு. அங்கே நெய் பூசிப் பீலி சூட்டி அழகுற வைத்திருந்த வேல்களையும், போர்செய்து முனை முறிந்து கொல்லன் பட்டடையில் கிடந்த அதியமானின் வேல்களையும் ஒப்பிட்டு, எவை பெருமையுடையன என்பதைக் குறிப்பாற் புலப்படுத்தினார் அம்மூதாட்டியார். போர் ஒழிந்த நம் நாளில் கத்திக்கு எஞ்சியுள்ள தொழில் ஒன்றே; தன்னைச் செய்தவனையும் ஏந்தியவனையும் பின்வந்தோர்க்கு உரைத்தலே அது. அத்தொழிலை அது செய்யுமாறு காப்பவன், வட்டி பெறாவிடினும், முதலை இழவாதவன் ஆவான்.