ஒயருக்கு ஒரு சீட்டு

திருத்தணியில் உட்கார்ந்துகொண்டு ஆகாய விமானம் பற்றி எழுத உனக்கென்ன யோக்யதை என்று கேட்காதீர்கள். பக்கத்திலேயே அரக்கோணம் கடற்படை விமானதளம். 2017-ல் ரிடையர் ஆகும்வரை டி.யு.142 என்கிற ரஷ்ய விமானம் உறுமிக்கொண்டு போனால், எங்கள் வீட்டு எவர்சில்வர் டம்ளர்கள் கைதட்டும்!

விஷயம் ஒரு டகோட்டா. ராஜீவ் சந்திரசேகரின் அப்பா எம்.கே.சந்திரசேகர், விமானப்படையில் டகோட்டா ஓட்டியவர். மகன், அயர்லாந்தில் காயலான் கடைக்கேஸாகக் கிடந்த ஒரு டகோட்டாவை வாங்கி, இங்கிலாந்தில் பழுதுபார்த்து, 2018-ல் விமானப்படைக்கே பரிசளித்தார். பெயர் 'பரசுராமா'. எண் வி.பி.905. 1947 அக்டோபர் 27-ல் ஸ்ரீநகரில் சிப்பாய்களை இறக்கிய டகோட்டாவின் எண். புதுசு பண்ணிய கிழவி, இங்கிலாந்திலிருந்து தானே பறந்து இந்தியா வந்து சேர்ந்தாள்.

இந்த மாதிரிக் கிழ விமானங்களில் பெரிய தலைவலி உள்ளேதான். ஒயர் மேல் சுற்றிய ரப்பர், வயசானால் அப்பளமாக நொறுங்கும். தொடுவானம் காட்டும் கருவிக்குள் ஒரு பம்பரம் சுற்றும். பேரிங் தேய்ந்தால், நேராகப் பறந்தாலும் 'சாய்கிறாய்' என்று பொய் சொல்லும். இருட்டில் மின்னுவதற்காக அந்தக் காலத்து முட்களில் ரேடியம் பூசியிருப்பார்கள். கதிரியக்கம். வீட்டில் வைத்துத் திறக்கவே கூடாது. தெரிந்தவரிடம்தான் போகவேண்டும்.

இவ்வளவும் படித்த நான் என்ன செய்தேன்? மறைந்த அப்பாவின் லாம்ப்ரட்டாவை ஒரு ஞாயிற்றுக்கிழமை நானே பிரித்தேன். மாலையில் ஹாரனை அழுத்தினால் பின்விளக்கு எரிந்தது.

"ஏங்க, ஹாரன் அடிச்சா வெளிச்சம் வருதே, இது புது மாடலா?" என்றாள் மனைவி.

கடைசியில் எழுபதைத் தாண்டிய ஒரு எலெக்ட்ரீஷியனிடம் போய் நின்றேன். பாதி தெலுங்கு, பாதி தமிழ். ஒயர்க் குவியலைப் பார்த்தார்.

"எது எங்க இருந்துச்சுன்னு எழுதி வெச்சியா நைனா?"

"இல்லீங்க."

"கழட்டறதுக்கு முன்னாடி ஒவ்வொண்ணுக்கும் சீட்டு கட்டணும். அவசரப்பட்டா ஆவுமா?"

விமானத்துக்கும் அதே பாடம்தான். ஒயரை உருவும் முன் சீட்டு, வரைபடம். பிறகுதான் ஸ்க்ரூடிரைவர்.

மூன்று ஞாயிறுகள். அவர் கை லேசாக நடுங்கியது. ஆனால் ஒயரைத் தொட்டதும் நின்றுவிடும். அவரிடம் தொழில் கற்க யாரும் இல்லை. மகன் செல்போன் கடை வைத்திருக்கிறான். அவர் சொல்லச் சொல்ல, நான் நோட்டில் படம் போட்டு எழுதிக்கொண்டே வந்தேன்.

நாலாவது ஞாயிறு ஹாரன் அடித்தது. அப்பா தெருமுனை திரும்பும்போது கேட்குமே, அதே கரகரப்பு. சற்று நேரம் பேச்சு வரவில்லை.

பணத்தை எண்ணிக் கொடுத்தேன். வாங்கிக்கொண்டு தயங்கினார்.

"அந்த நோட்டை எனக்கு ஒரு ஜெராக்ஸ் எடுத்துக் குடு நைனா. இப்பல்லாம் எனக்கே மறந்துபூடுது."