தாயின் சர்க்கரையும் வீட்டாரின் கடமையும்



"இனிப்பை அவள் அதிகமாகத் தொடுவதே இல்லை, எங்கள் குடும்பத்தில் யாருக்கும் சர்க்கரை நோய் இருந்ததில்லை, இவளுக்கு மட்டும் எப்படி வந்தது?" கருவுற்ற பெண்ணின் இரத்தத்தில் சர்க்கரை கூடியிருக்கிறது என்று மருத்துவர் கூறியவுடன் நம் இல்லங்களில் எழும் முதற்கேள்வி இதுவே. தக்கலையைச் சுற்றியுள்ள ஊர்களில் வீடு சந்திக்கச் செல்லுங்கால் நாம் பலமுறை கேட்டிருக்கிறோம். கேள்வியில் தவறில்லை. ஆயினும் பல வேளைகளில் அது விடை தேடும் கேள்வியாக இராமல், குற்றம் சாட்டும் கேள்வியாகிவிடுகிறது. பெண்வீட்டார் நோயை மறைத்துத் திருமணம் செய்து கொடுத்தனர் என்ற பேச்சு கிளம்புகிறது. அப்பேச்சுக்கு அஞ்சியே இளம் தாய்மார் சிலர் சோதனைச் சீட்டை ஒளித்துவைக்கின்றனர். ஆகவே இம்மாதம் இப்பொருளைச் சற்று விரிவாகக் காண விழைகிறோம்.

முதலில் காரணத்தை அறிவோம். நாம் உண்ணும் உணவு சர்க்கரையாக மாறி இரத்தத்தில் கலக்கிறது. அதனை உடலின் உறுப்புகள் ஏற்றுக்கொள்ள உதவுவது கணையத்தில் சுரக்கும் இன்சுலின். ஒரு பெண் கருவுற்றதும் அவளது கருப்பையில் நஞ்சுக்கொடி வளர்கிறது. குழந்தைக்கு உணவு குறையாதிருக்க வேண்டும் என்பதற்காகவே போலும், இந்த நஞ்சுக்கொடியில் ஊறும் சுரப்புகள் தாயின் இன்சுலினுடைய வேகத்தை மட்டுப்படுத்துகின்றன. மாதங்கள் ஏற ஏற இத்தடையும் ஏறுகிறது. பெரும்பாலான தாய்மாரின் கணையம் கூடுதலாக உழைத்து ஈடுகட்டிவிடுகிறது. சிலருக்கு அது இயலாமற்போகிறது. அதுவே கர்ப்பகால நீரிழிவு. உடற்பருமன், வயது, பரம்பரை ஆகியவை இதற்குத் துணைசெய்வது உண்மையே. ஆனால் இவை யாதொன்றும் இல்லாத பெண்ணுக்கும் இது வரக்கூடும். ஆகவே இதனை அவளது நாவின் குற்றமாகவோ, அவள் பிறந்த வீட்டின் வஞ்சனையாகவோ எண்ணுவது அநீதி.

குழந்தைக்கு நேரும் தீங்கு யாது? தாயின் இரத்தத்திலுள்ள சர்க்கரை நஞ்சுக்கொடியைக் கடந்து குழந்தையிடம் செல்லும். தாயின் இன்சுலினோ அவ்வாறு கடந்து செல்வதில்லை. எனவே மிகுதியான சர்க்கரையைச் சமாளிக்கக் குழந்தையின் சிறு கணையமே அளவுக்கு மீறி உழைக்கிறது. குழந்தை கொழுத்து வளர்கிறது. "நல்ல பெரிய பிள்ளை" என்று நாம் மகிழும் அதே பருமனால் பிரசவத்தில் தோள் சிக்கிக்கொள்ளலாம், அறுவை தேவைப்படலாம். பிறந்த சில மணி நேரத்தில் குழந்தையின் சர்க்கரை திடீரெனத் தாழ்ந்துபோகலாம். கவனியாமல் விடப்பட்டால் வயிற்றிலேயே குழந்தை இறக்கும் ஆபத்தும் கூடுகிறது. ஒன்பது நாடுகளில் இருபதாயிரத்துக்கும் மேற்பட்ட கர்ப்பிணிகளிடம் நடத்தப்பெற்று 2008-ல் வெளியான ஆய்வு, தாயின் சர்க்கரை ஏறும் அளவுக்குக் குழந்தையின் பருமனும் படிப்படியாக ஏறுவதைக் காட்டியது.

இதனைக் கண்டறியும் வழியை எளிதாக்கிய பெருமை நம் தமிழகத்துக்கு உரியது. முன்பெல்லாம் இச்சோதனைக்கு வெறும் வயிற்றுடன் வர வேண்டும். அதிகாலையில் பேருந்து ஏறிப் பசியோடு வந்து காத்திருப்பது கிராமத்துக் கர்ப்பிணிக்கு எவ்வளவு துன்பம்! மறுநாள் வரச் சொன்னால் பலர் வருவதேயில்லை. இதனை உணர்ந்த சென்னை மருத்துவர் வீ. சேஷய்யாவும் அவருடன் உழைத்தவர்களும் ஒரே சோதனையில் முடியும் முறையை முன்வைத்தனர். உண்டிருந்தாலும் உண்ணாதிருந்தாலும் 75 கிராம் குளுக்கோஸை நீரில் கரைத்துப் பருகக் கொடுத்து, இரண்டு மணி நேரம் கழித்து இரத்தத்தைச் சோதிப்பர். அளவு 140 மில்லிகிராமோ அதற்கு மேலோ இருப்பின் கர்ப்பகால நீரிழிவு எனக் கொள்வர். தமிழ்நாட்டில் 12,000-க்கும் மேற்பட்ட கர்ப்பிணிகளைச் சோதித்து அவர்கள் 2008-ல் வெளியிட்ட ஆய்வில், நகரில் 17.8 விழுக்காட்டினருக்கும், சிறுநகரில் 13.8 விழுக்காட்டினருக்கும், கிராமத்தில் 9.9 விழுக்காட்டினருக்கும் இந்நோய் காணப்பட்டது. கிராமத்திலுங்கூடப் பத்தில் ஒருவர் என்றால், எந்த வீட்டார் "எங்களுக்கு வராது" என்று கூறமுடியும்? சேஷய்யாவுக்கு 2022-ல் பத்மஸ்ரீ விருது வழங்கப்பட்டது. அவர் பிறந்த மார்ச் 10-ஆம் நாள் கர்ப்பகால நீரிழிவு விழிப்புணர்வு நாளாக நாடெங்கும் நினைவுகூரப்படுகிறது.

இச்சோதனையை முதன்முறை மருத்துவரைக் காணும்போதே செய்ய வேண்டும். அப்போது குறை காணப்படாவிடினும் 24 முதல் 28 வாரத்துக்குள் மீண்டும் செய்ய வேண்டும் என்பது மத்திய அரசின் வழிகாட்டுதல். அரசு ஆரம்ப சுகாதார நிலையங்களிலும், தக்கலையிலுள்ள பத்மநாபபுரம் அரசு மருத்துவமனை போன்ற இடங்களிலும் இதற்குக் கட்டணம் இல்லை. கிராம சுகாதார செவிலியர் அழைக்கும்போது தட்டிக்கழிக்காதீர்கள்.

நோய் உண்டென்று தெரிந்தபின் மருத்துவம் தொடங்கும் இடம் நம் அடுக்களையே. "இரண்டு பேருக்குச் சாப்பிட வேண்டும்" என்று மருமகளின் தட்டில் சோற்றைக் குவிக்கும் மாமியாரின் அன்பு மெய்யானது. ஆனால் அது அளவறிய வேண்டிய அன்பு. சோறும் மரச்சீனியும் ஒரே வேளையில் வேண்டாம். மரச்சீனி உண்ணும் நாளில் அதைக் குறைத்து, மீனைக் கூட்டுங்கள். நம் சந்தையில் கிடைக்கும் சாளை, சிறுபயறு, முட்டை, முருங்கைக்கீரை ஆகியவை தாய்க்கும் சேய்க்கும் நல்லவை. கருப்பட்டி சீனியைப் போன்றதல்ல, அது தீங்கு செய்யாது என்ற எண்ணம் நம்மிடையே வேரூன்றியிருக்கிறது. கருப்பட்டியும் சர்க்கரையே, கருப்பட்டிக் காப்பியும் இரத்தத்தில் சர்க்கரையை ஏற்றும். ஏழாம் மாதத்தில் பெண்வீட்டார் கொண்டுவரும் முந்திரிக்கொத்தையும் நேந்திரம் பழத்தையும் உறவினர் உண்டு மகிழட்டும். "ஒன்றே ஒன்று" என்று அவளை வற்புறுத்த வேண்டாம்.

அதேவேளையில் பட்டினியும் தவறு. மூன்று வேளை உணவையும் இடையில் சிற்றுணவையும் அளவாகப் பிரித்து உண்ண வேண்டும். கருவுற்ற தாய்மாரைத் திருச்சபை நோன்பிருக்கக் கட்டாயப்படுத்துவதில்லை என்பதையும் இங்கே நினைவூட்டுகிறோம். மருத்துவர் தடுக்காதவரையில் நாள்தோறும் அரைமணி நேரம் நடக்கட்டும். கணவரும் கூடவே நடக்கட்டும். இரண்டு வாரம் இவ்வாறு செய்தபின்னும், உண்டு இரண்டு மணி நேரம் கழித்துப் பார்க்கும் சர்க்கரை 120-க்குக் கீழே வராவிடில், மாத்திரையோ இன்சுலின் ஊசியோ தேவைப்படும். ஊசி குழந்தையைக் கெடுக்கும் என்றும், ஒருமுறை போட்டால் ஆயுள் முழுதும் போட வேண்டும் என்றும் அஞ்சாதீர்கள். பிரசவமாகி நஞ்சுக்கொடி வெளியேறியதும் பெரும்பாலோருக்கு ஊசி தேவைப்படுவதில்லை.

பிறந்த குழந்தைக்கு முதல் ஒரு மணி நேரத்துக்குள் தாய்ப்பால் கொடுப்பது அதன் சர்க்கரை தாழாமல் காக்கும். இத்துடன் எல்லாம் முடிந்தது என்று நாம் நினைக்கிறோம், தவறுவது இங்கேதான். பிரசவமான ஆறு வாரத்தில் தாய்க்கு மீண்டும் சோதனை செய்ய வேண்டும். கர்ப்பகாலத்தில் சர்க்கரை வந்த பெண்ணுக்குப் பிற்காலத்தில் நிலையான நீரிழிவு வரும் வாய்ப்பு மற்றப் பெண்களைவிட ஏழு மடங்குக்கும் அதிகம் என்று 2009-ல் லான்செட் இதழில் வந்த ஆய்வு கூறுகிறது. சர்க்கரை இறங்கியிருந்தாலும் ஆண்டுதோறும் பார்த்துக்கொள்வது நல்லது. ஆனால் அந்த ஆறாவது வாரத்தில் அவள் எங்கே இருக்கிறாள்? தாய்வீட்டில். சோதனைச் சீட்டுகளோ கணவன் வீட்டு அலமாரியில். அவர்கள் பார்ப்பார்கள் என்று இவர்களும், இவர்கள் பார்ப்பார்கள் என்று அவர்களும் இருந்துவிடுகிறார்கள். கைக்குழந்தையோடு இருக்கும் தாய் தன்னைப் பற்றி நினைப்பதேயில்லை.

ஆகவே இளம் தந்தையரே, உங்களிடம் ஒன்று கேட்கிறோம். குழந்தையின் ஞானஸ்நானத்துக்கு நாள் குறிக்க எங்களிடம் வருகிறீர்கள். அதே நாட்காட்டியில் குழந்தையின் தாய்க்குரிய ஆறாவது வாரச் சோதனையையும் குறித்துக்கொள்ளுங்கள். அந்நாளில் குழந்தையைப் பாட்டியிடம் கொடுத்துவிட்டு, சீட்டுகளை நீங்களே எடுத்துக்கொண்டு, மனைவியை அழைத்துச் செல்லுங்கள். அவளைத் தனியே அனுப்பாதீர்கள்.