பெயரும் பொருளும்: எந்த ஸைனப்?





ஒரு நாள் நபி (ஸல்) அவர்களின் வீட்டு வாசலில் இரண்டு பெண்கள் வந்து நின்றார்கள். இருவருக்கும் ஒரே சந்தேகம். தம் கையிலுள்ளதைக் கணவருக்கும், தம் பொறுப்பில் வளரும் அநாதைகளுக்கும் செலவிட்டால் அது ஸதகாவாக அமையுமா என்பதுதான் அது. உள்ளே போய்க் கேட்கத் தயங்கி, அவ்வழியே வந்த பிலால் (ரழி) அவர்களிடம் கேட்டனுப்பினார்கள். தாங்கள் யாரென்று சொல்ல வேண்டாம் என்றும் கேட்டுக் கொண்டார்கள். ஆனால் வந்திருப்பது யார் என்று நபியவர்கள் வினவவே, 'ஸைனப்' என்று பிலால் (ரழி) சொல்லி விட்டார். ஸைனப்களில் எந்த ஸைனப் என்று நபியவர்கள் மீண்டும் கேட்டார்கள். அப்துல்லாஹ் இப்னு மஸ்ஊத் (ரழி) அவர்களின் மனைவி என்று சொன்ன பிறகே ஆள் யாரென்று விளங்கியது. உறவைப் பேணியதற்கு ஒன்றும் தர்மம் செய்ததற்கு ஒன்றுமாக இரண்டு கூலிகள் உண்டு என்ற நற்செய்தியோடு பிலால் (ரழி) திரும்பி வந்தார்.

புகாரியிலும் முஸ்லிமிலும் இந்த ஹதீஸ் உண்டு. நஸாஈயின் அறிவிப்பில், கூட நின்ற அன்ஸாரிப் பெண்ணின் பெயரும் ஸைனப்தான்! பெயரை மட்டும் சொன்னால் ஆள் யாரென்று தெரியாத அளவுக்கு அன்றைய மதீனாவில் ஸைனப்கள் நிறைந்திருந்தார்கள்.

பொருள் என்ன?

நம்மவர் பலரும் சொல்லும் பொருள் 'தந்தையின் அலங்காரம்' என்பதாகும். 'ஸைன்' என்றால் அழகு, அலங்காரம். 'அப்' என்றால் தந்தை. இரண்டும் சேர்ந்து ஸைனப் ஆயிற்று என்பர். கேட்க இனிமையான விளக்கம்தான். ஆனால் பழைய அரபு அகராதிகள் இதை 'ஸா, நூன், பா' என்ற மூன்றெழுத்து வேரின் கீழ் வைக்கின்றன. பார்வைக்கு அழகும், நல்ல வாசனையும் கொண்ட ஒரு மரத்தின் பெயர் ஸைனப் என்றும், அதைக் கொண்டே பெண்களுக்கு இப்பெயர் வந்தது என்றும் இப்னு மன்ளூரின் 'லிஸானுல் அரப்' விளக்குகிறது. கொழுகொழுவென்று இருப்பதையும் அதே வேர் குறிக்கும். வாசனை மரமும் கொழுத்த குழந்தையும் பாலைவனத்து மக்களுக்கு எவ்வளவு பெரிய செல்வம் என்பதைச் சொல்ல வேண்டியதில்லை.

இது இஸ்லாத்துக்கு முன்பிருந்தே வழங்கிய பெயர். நபியவர்களின் மூத்த மகள் ஸைனப் (ரழி) பிறந்தது நுபுவ்வத்துக்கு முன்னர். பெண் பிறந்தது என்ற செய்தி கேட்டு முகம் கறுத்து, சமூகத்துக்கு முன் வரவும் வெட்கித்து ஒளிந்த தகப்பன்மாரை அந்நஹ்ல் அத்தியாயம் (16:58, 59) நமக்குக் காட்டுகிறது. அப்படிப்பட்ட ஊரில், பெற்ற மகளுக்கு வாசனை மரத்தின் பெயரை வைத்து வாய் நிறையக் கூப்பிட்ட தகப்பன்மாரும் இருந்தார்கள் என்பதை இப்பெயர் சொல்லி நிற்கிறது.

பொருளை விடப் பெரியது

இவ்விடத்தில் கவனிக்க வேண்டிய விடயம் ஒன்றுண்டு. ஜஹ்ஷின் மகள் ஸைனப் (ரழி) அவர்களுக்கு முன்னர் இருந்த பெயர் 'பர்ரா'. உம்மு ஸலமா (ரழி) அவர்களின் மகளுக்கும் அதே பெயர்தான். பர்ரா என்றால் நன்மை மிக்கவள், இறைபக்தியுள்ளவள் என்று பொருள். இதைவிட நல்ல பொருள் வேண்டுமா? ஆனாலும், தன்னைத் தானே புகழ்ந்து கொள்வது போல் இருப்பதால் நபியவர்கள் அதை மாற்றினார்கள். மாற்றி வைத்த பெயர், ஒரு மரத்தின் பெயரான ஸைனப். பெயருக்குப் பெரிய பொருள் இருக்க வேண்டும் என்று அலைந்து திரியும் பெற்றோர் இதைச் சற்றுச் சிந்திக்க வேண்டும். பெயர் அழகாக இருந்தால் போதும், பெருமையை நடத்தையால் தேடிக் கொள்ளலாம்.

அப்படித் தேடிக் கொண்டவர்களைப் பாருங்கள். குஸைமாவின் மகள் ஸைனப் (ரழி) ஏழைகளுக்கு உணவளித்ததால் 'உம்முல் மஸாகீன்', அதாவது ஏழைகளின் தாய் என்று பெயர் பெற்றவர். நபியவர்களை மணந்து சில மாதங்களிலேயே வபாத்தானார். ஜஹ்ஷின் மகள் ஸைனப் (ரழி) தம் கையாலேயே தோல் பதனிட்டு, தைத்து, வந்த வருமானத்தைத் தர்மம் செய்தவர். தமக்குப் பின் மனைவியரில் முதலில் தம்மை வந்து சேர்பவர் நீளமான கையுடையவரே என்று நபியவர்கள் கூறியிருந்தார்கள். மனைவியர் தம் கைகளை அளந்து பார்த்தார்கள். ஹிஜ்ரி 20இல் ஸைனப் (ரழி) வபாத்தான போதுதான், நீளமான கை என்றால் கொடுக்கும் கை என்பது அவர்களுக்கு விளங்கியது.

நபியவர்களின் மகள் ஸைனப் (ரழி) அவர்களின் கதை கண்ணீரை வரவழைப்பது. கணவர் அபுல் ஆஸ் பத்ரில் எதிரிப் படையில் வந்து கைதியானார். அவரை மீட்க மக்காவிலிருந்து ஸைனப் (ரழி) அனுப்பிய பொருட்களில் ஒரு கழுத்து மாலையும் இருந்தது. திருமணத்தின்போது தாய் கதீஜா (ரழி) அணிவித்த மாலை அது. அதைக் கண்டதும் நபியவர்களின் மனம் இளகி விட்டது. தோழர்களின் சம்மதத்தைக் கேட்டு, கைதியை விடுவித்து, மாலையையும் மகளுக்கே திருப்பி அனுப்பினார்கள். அந்த அபுல் ஆஸ் பிற்காலத்தில் இஸ்லாத்தை ஏற்றார்.

அலி (ரழி), பாத்திமா (ரழி) தம்பதியரின் மகள் ஸைனப் (ரழி), ஹிஜ்ரி 61இல் கர்பலாவில் குடும்பத்து ஆண்களைப் பறிகொடுத்த பின்னும், நோயுற்றிருந்த சகோதரர் மகனைக் காத்து, ஆட்சியாளர் முன் அஞ்சாமல் பேசியவர். ஈரானில் அவரது பிறந்த நாளே தாதியர் தினமாகக் கொண்டாடப்படுகிறது. கெய்ரோவில் ஒரு பெரிய பள்ளிவாசலும் அதைச் சுற்றிய பகுதியும் அவர் பெயரிலேயே வழங்குகின்றன.

இன்னும் ஒருவர், திமிஷ்கின் ஸைனப் பின்த் அல்கமால். தொண்ணூறு வயது தாண்டி வாழ்ந்து, 1339இல் காலமான ஹதீஸ் ஆசிரியை. 1326இல் திமிஷ்குக்கு வந்த இப்னு பதூதா இஜாஸா பெற்றவர்களுள் இவரும் ஒருவர். அதே இப்னு பதூதாதான் 1344இல் நம் இலங்கைக் கரையில் வந்திறங்கி, பாவாத மலைக்கு ஏறியவர்.

நாடு விட்டு நாடு

இப்பெயர் போகாத முஸ்லிம் நாடு இல்லை எனலாம். துருக்கியில் இது 'ஸெய்னெப்'. 2010களில் பல ஆண்டுகள் அங்கு பிறந்த பெண் குழந்தைகளின் பெயர்களில் முதலிடம் இதற்கே. மொரோக்கோவில் 'ஸினெப்'. செனகலில் 'ஸெய்னபு'. ஹவுஸா மக்களிடம் 'ஸைனபு'. எகிப்தில் முஹம்மத் ஹுஸைன் ஹைக்கல் 1913இல் வெளியிட்ட 'ஸைனப்', நவீன அரபு நாவலின் தொடக்கமாகப் பலராலும் கருதப்படுகிறது. அதன் நாயகி ஒரு கிராமத்துப் பெண்.

நம்மிடத்தில்? உங்கள் உம்மம்மா, வாப்பும்மா காலத்துப் பெயர்களை நினைத்துப் பாருங்கள். செய்னம்பு, ஸித்தி ஸைனம்பு, செய்னம்பு நாச்சியா! தமிழில் 'ப்' என்ற எழுத்தோடு சொல் முடிவதில்லை. ஆகவே ஓர் உகரம் சேர்ந்தது, இடையில் ஒரு மகரமும் நுழைந்தது. இதைக் கேட்டு இன்றைய பிள்ளைகள் சிரிக்கிறார்கள். பட்டிக்காட்டுப் பெயர் என்கிறார்கள். ஆனால் அரபு இலக்கணப்படி வாக்கியத்தில் எழுவாயாக வரும்போது இப்பெயர் 'ஸைனபு' என்றே முடியும். ஆப்பிரிக்காவிலும் அப்படித்தான் ஒலிக்கிறது. மூத்தும்மாவின் செய்னம்பு சிரிப்புக்குரியதல்ல சகோதரிகளே! அரபும் தமிழும் கலந்து நம் வீட்டுக்குள் வளர்ந்த பெயர் அது.

பல வீடுகளில் முதற் பேத்திக்கு வாப்பும்மாவின் பெயரை வைக்கும் பேச்சு வந்தாலே மனக்கசப்பு. மருமகளுக்குப் புதுப் பெயர் வேண்டும். மாமிக்குத் தன் பெயர் அழிந்து விடுகிறதே என்ற வருத்தம், வாய் திறந்து சொல்லவும் மாட்டார். எந்த மொழியிலும் பொருளில்லாத, ஒலிக்காக மட்டும் ஒட்டிச் செய்த பெயரைப் பிள்ளைக்குச் சூட்டுவதை விட, ஸைனப் என்று திருத்தமாக வைத்துப் பாருங்கள். பிள்ளைக்கும் நல்ல பெயர், பெரியவருக்கும் மனம் குளிரும்.

வைக்கும்போது ஒன்றை மறக்க வேண்டாம். இப்பெயரை ஆங்கிலத்தில் 'இஸட்' எழுத்தில் தொடங்குவோரும் உண்டு, 'எஸ்' போடுவோரும் உண்டு, 'ஜே' போடுவோரும் உண்டு. பிறப்பு அத்தாட்சிப் பத்திரத்தில் ஒன்று, பாடசாலை இடாப்பில் ஒன்று, தேசிய அடையாள அட்டையில் இன்னொன்று என்றிருந்தால், பின்னாளில் கடவுச்சீட்டு எடுக்கப் போகும்போது மூன்றும் ஒருவரே என்று சத்தியக் கடதாசி முடிக்க நேரிடும். பதிவாளரிடம் வாயால் சொல்லி விட்டு வராதீர்கள். தமிழிலும் ஆங்கிலத்திலும் எப்படி எழுத வேண்டும் என்பதைத் தெளிவாக ஒரு கடதாசியில் எழுதிக் கொடுங்கள். பதிந்த பின் அங்கேயே வாசித்துப் பாருங்கள்.

பிள்ளை வளர்ந்து, ஏன் எனக்கு இந்தப் பழைய பெயர் என்று கேட்டால், கழுத்து மாலையின் கதையைச் சொல்லுங்கள். நீளமான கையின் கதையைச் சொல்லுங்கள். உம்மம்மா செய்னம்பு எப்படி வாழ்ந்தார் என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள். எந்த ஸைனபைப் போல் ஆக வேண்டும் என்பதைப் பிள்ளையே முடிவு செய்து கொள்ளட்டும்.