பல்லும் முதுகுத்தண்டும்

தந்தைக்குச் சொந்தமான காரில் சென்ற பெற்றோர் இருவரையும் ஒரே விபத்தில் பறிகொடுத்த ஒரு சிறு குழந்தையின் சார்பில் மோட்டார் வாகனச் சட்டத்தின் 163-ஏ பிரிவின்கீழ் தொடுக்கப்பட்ட நஷ்டஈட்டு மனு, உச்சநீதிமன்றம் வரையில் சென்று, 2025 ஆகஸ்டில் இரு நீதிபதிகள் கொண்ட அமர்வின் முன் வந்தபோது, அப்பிரிவின் பொறுப்பு மூன்றாம் நபருக்கு மட்டுமே உரியதா, அன்றி வாகன உரிமையாளரின் வாரிசுகளுக்கும் உரியதா என்ற வினாவை அந்த அமர்வு தானே தீர்த்துவிடாமல், முந்தைய தீர்ப்புகளைக் குறித்துத் தனக்குள்ள ஐயத்தைப் பதிவுசெய்து, பெரிய அமர்வின் முடிவுக்கு அனுப்பியிருக்கிறது. எம்.சி.ஓ.பி. எனும் மோட்டார் விபத்து மனுக்களை நடத்தும் நம்மவர் பலரின் அலுவலகத்தில் இந்த விடைக்காகக் காத்திருக்கும் கட்டு ஒன்றிரண்டேனும் இருக்குமாதலால், இவ்விதழ் தன் அபிப்பிராயத்தைச் சொல்லாமலிருப்பது முறையன்று.

நம் அபிப்பிராயம் குழந்தையின் பக்கமே. இரவல் வாங்கி வண்டி ஓட்டியவரும் உரிமையாளரின் ஸ்தானத்தில் நிற்பவரே; கொடுக்கக் கடமைப்பட்டவரும் பெறும் உரிமையுடையவரும் ஒருவராக இருத்தல் இயலாது என்று 2009-லும் 2020-லும் உச்சநீதிமன்றம் கூறிய நியாயம், பாலிசியை ஓர் ஒப்பந்தமாக மட்டும் நோக்கினால் பொருந்துவதுதான். ஆனால் 163-ஏ ஒப்பந்தத்திலிருந்து பிறந்த பொறுப்பன்று. வேறெந்தச் சட்டத்தில் எது கூறப்பட்டிருப்பினும் என்று தொடங்கி, உரிமையாளரையும் இன்ஷூரன்ஸ் கம்பெனியையும் ‘அல்லது’ என்ற சொல்லால் இணைத்து, இறந்தவரின் வாரிசுக்குத் தொகை கொடுக்குமாறு பணிக்கும் ஒரு பிரிவில், உரிமையாளர் மாண்டபின்னும் ‘அல்லது’வுக்கு அப்பாலுள்ள கம்பெனி நிற்கத்தானே செய்கிறது? இப்பிரிவில் அஜாக்கிரதையை எதிர்வாதமாகக் கம்பெனி எழுப்பவே முடியாதென்று 2017-ல் மூன்று நீதிபதிகள் அமர்வு முடிவுசெய்ததும், அதற்கு இடங்கொடுத்தால் 163-ஏ-க்கும், தவறை நிரூபித்து நஷ்டஈடு பெறும் 166-க்கும் பேதமே இல்லாமற்போகும் என்ற காரணத்தாலன்றோ? உரிமையாளருக்குத்தான் தனிநபர் விபத்துக் காப்பு 15 லட்சம் இருக்கிறதே என்பார்க்கு ஒன்று சொல்ல வேண்டும். சென்னை உயர்நீதிமன்றத்தின் தீர்ப்பு வழிகாட்ட 2018-ல் உயர்த்தப்பட்ட அந்தக் காப்பு, தாமே ஓட்டிச் செல்லும் உரிமையாளருக்குரியது. 2019 முதல் அதைத் தனிப் பாலிசியாகவும் பிரித்துவிட்டார்கள். பிரீமியம் கட்டாதவரின் குழந்தைக்கு அதனால் ஒரு காசும் இல்லை.

இவ்வளவில் நிறுத்திக்கொள்ளலாம். ஆயினும், 163-ஏ 2022 ஏப்ரல் 1-ஆம் தேதியோடு நீங்கி, அதன் இடத்தில் 164 அமர்ந்திருக்கிறது என்பதையும், உரிமையாளர், கம்பெனி, வாரிசு என்ற அதே சொற்கள் அதே வரிசையில் புதிய பிரிவிலும் இருப்பதால் பெரிய அமர்வின் விடை 164-ஐயும் ஆளப்போகிறது என்பதையும் நினைக்கும்போது, நாம் ஜெயித்தால் நம் கட்சிக்காரருக்குக் கிடைப்பதென்ன என்ற கேள்வி மனத்தை விட்டு அகலுவதில்லை. இதை இப்பக்கங்களில் முன்னரும் எழுதியிருக்கிறோம். கேட்பார் இல்லாவிடினும் மறுபடியும் எழுதுகிறோம்.

அஜாக்கிரதை நிரூபணமில்லாமல் நஷ்டஈடு இல்லையென்று 1977-ல் உச்சநீதிமன்றம் உறுதியாகச் சொன்னதும், இரண்டே ஆண்டுகளில், விபத்து நஷ்டஈட்டு நியாயம் நோ ஃபால்ட் (தவறை நிரூபிக்க வேண்டாத பொறுப்பு) திசையிலேயே வளரவேண்டும், தொகையும் தாராளமாக இருக்கவேண்டும் என்று நீதிபதி கிருஷ்ணய்யர் எழுதியதும், 1982-ல் 92-ஏ பிறந்ததும் நாம் அறிந்தவை. மரணத்துக்கு 15,000, நிரந்தர ஊனத்துக்கு 7,500 என்று தொடங்கி, 25,000-மும் 12,000-மும் ஆகி, 1994-ல் 50,000-மும் 25,000-மும் ஆன அத்தொகைகள் அற்பமானவையே. ஆனால் அவை முன்பணமாக இருந்தன. 92-ஏ-யின் இடத்தில் பின்னர் வந்த 140-இன்கீழ் வாங்கியவன் 166-ஐ இழக்கவில்லை. இறுதித் தீர்ப்பில் அத்தொகை கழிக்கப்பட்டது, அவ்வளவே. ஆஸ்பத்திரியில் கிடக்கும் ஏழைக்கு அந்த முன்பணம் அரிசியும் மருந்தும் ஆயிற்று.

பின்னர், 2018 மே 22-ஆம் தேதி அறிவிக்கையால் 163-ஏ-க்குரிய இரண்டாம் அட்டவணை திருத்தப்பட்டபோது, மரணத்துக்கு 5 லட்சம் என்றும், நிரந்தர ஊனத்துக்கு அந்த 5 லட்சத்தில் ஊன சதவீதம் எவ்வளவோ அவ்வளவு, ஆனால் 50,000-க்குக் குறையாமல் என்றும், சிறு காயத்துக்கு 25,000 என்றும், 2019 ஜனவரி முதல் இவையெல்லாம் ஆண்டுக்கு 5 சதவீதம் உயரும் என்றும் எழுதப்பட்டது. ஊனத்தின் அளவுக்குத் தக்க தொகை, விலைவாசிக்குத் தக்க உயர்வு என்ற இவ்விரண்டு தத்துவங்களும் இந்நாட்டு நோ ஃபால்ட் சட்டத்துக்குள் ஒன்றாக நுழைந்தது அப்போதுதான். நாலாண்டும் நிறைவதற்குமுன் இரண்டும் வெளியேற்றப்பட்டன.

கணக்கைப் பாருங்கள். 2022 ஜனவரியோடு நாலு உயர்வுகள் சேர்ந்திருந்தன. வட்டிக்கு வட்டி போடாமல் எளிய முறையில் கூட்டினாலும், 2022 மார்ச் 31 அன்று நேர்ந்த விபத்தில் மாண்டவனின் குடும்பத்துக்கு அட்டவணைப்படி உரியது 6 லட்சம். மறுநாள் விபத்தில் மாண்டவனின் குடும்பத்துக்கு 164-இன்படி 5 லட்சம். முதல் நாள் விழுந்து நூறு சதவீத ஊனமானவனுக்கு 6 லட்சம்; மறுநாள் விழுந்தவனுக்கு இரண்டரை லட்சம். ஓர் இரவில் நஷ்டஈட்டைக் குறைத்த இந்தத் திருத்தத்தை, பாதிக்கப்பட்டோருக்கு அனுகூலமான சீர்திருத்தம் என்று அறிமுகம் செய்தார்கள்.

ஆனால் குறைத்ததைக் காட்டிலும் கொடியது சமன்படுத்தியது. ‘கொடுங்காயம்’ என்பதற்கு மோட்டார் வாகனச் சட்டத்துக்கென ஓர் இலக்கணம் வகுக்காமல், தண்டனைச் சட்டத்தின் இலக்கணத்தையே 145-ஆம் பிரிவு கடன் வாங்கியிருக்கிறது. அந்த இலக்கணம் அடித்தவனுக்கு எவ்வளவு தண்டனை என்று தீர்மானிப்பதற்காக ஏற்பட்டது. அடிபட்டவன் இனி எப்படி ஜீவிப்பான் என்று அளப்பதற்காக ஏற்பட்டதன்று. அதன்படி ஒரு பல் முறிந்தாலும் கொடுங்காயம். முதுகுத்தண்டு முறிந்து, இடுப்புக்குக் கீழே உணர்விழந்து, மலஜலத்துக்கும் பிறர் கையை எதிர்பார்த்து நாற்பது வருஷம் கிடந்தாலும் கொடுங்காயம். இரண்டுக்கும் இரண்டரை லட்சம். நமக்கு மெடிக்கல் போர்டு எதற்கு, ஊனச் சான்றிதழ் எதற்கு, எலும்பு வைத்தியரைக் கூண்டிலேற்றிக் குறுக்கு விசாரணை செய்து சதவீதத்துக்காக மல்லாடியது எதற்கு?

கடுமையான காயமுற்றவன் 166-க்குப் போகலாமே என்று அதிகாரிகள் சொல்லக்கூடும். தவறு எதிரியின்மேல் என்று காட்ட முடிந்தவன் போகலாம். ஆனால் நோ ஃபால்ட் சட்டம் ஏற்பட்டதே அப்படிக் காட்ட முடியாதவனுக்காக அல்லவா? இரவு இரண்டு மணிக்கு ஆளரவமற்ற புறவழிச்சாலையில் அடிபட்டு, சாட்சி ஒருவரும் இல்லாதவன், முதல் தகவல் அறிக்கையில் தன் பெயரே எதிரியாக எழுதப்பட்டவன், ஒரு கணம் கண்ணயர்ந்த பிழைக்கு ஆயுள் முழுவதும் அனுபவிப்பவன் ஆகியோருக்கு 164 ஒன்றே வாசல். அந்த வாசலில்தான் எல்லாத் தலையையும் ஒரே உயரத்துக்கு வெட்டிவைத்திருக்கிறார்கள்.

166-க்குத் தகுதியுள்ளவனின் நிலையும் க்ஷேமமானதாக இல்லை. கம்பெனியோடு சமரசம் செய்துகொள்ளும் 149-ஆம் பிரிவின் நடைமுறைப்படி 164-இன் தொகையை ஏற்றுக்கொண்டவனின் மனு தீர்ப்பாயத்தில் காலாவதியாகும் என்று 166-க்கு ஒரு காப்புரை சேர்த்திருக்கிறார்கள். சென்ற வருஷம் என்னிடம் வந்த ஒரு கொத்தனாரை மறக்க முடியவில்லை. வந்தார் என்பதும் சரியன்று. அவர் மனைவி ஒரு மஞ்சள் பையில் காகிதங்களை எடுத்து வந்தாள். எதிர்வண்டியின் தவறு போலீஸாரின் விரிவான விபத்து அறிக்கையான டி.ஏ.ஆர்.-இல் தெளிவாக இருந்தது. முப்பது வயது, தண்டுவடம் சேதம், இரண்டு குழந்தைகள். ஆஸ்பத்திரிப் பாக்கி நெருக்கிய நிர்ப்பந்தத்தில், படுக்கையிலிருந்தபடியே சம்மதப் படிவத்தில் ஒப்பமிட்டு இரண்டரை லட்சத்தைப் பெற்றிருந்தார். படிவத்தை நீட்டியவர் காப்புரையை வாசித்துக் காட்டவில்லை. எதிர்கால வைத்தியம், உதவியாள் செலவு, வருமான இழப்பு என்று நாம் வழக்கமாகக் கேட்கும் தலைப்புகளையெல்லாம் மனத்துக்குள் கூட்டிப்பார்த்துவிட்டு, ‘இனி ஒன்றும் செய்வதற்கில்லையம்மா’ என்று அந்தப் பெண்ணிடம் சொல்ல நேர்ந்தது. முப்பத்தோரு வருஷத் தொழிலில் அவ்வளவு கனமான வாக்கியத்தை நான் சொன்னதில்லை.

முன்பணம் கொடுத்த 140-ஐ எடுத்துவிட்டு, இடைக்கால நிவாரணத்துக்கு மத்திய அரசு திட்டம் வகுக்கலாம் என்று 164-ஏ-யில் எழுதிவைத்தார்கள். உரிமையாக இருந்தது ‘லாம்’ ஆயிற்று. ‘வேண்டும்’ என்று எழுதிய இடத்திலேயே நடந்த கதை நமக்குத் தெரியாததன்று. பொன்னான முதல் ஒரு மணி நேரச் சிகிச்சைக்குத் திட்டம் வகுத்தே தீரவேண்டும் என்ற 162-ஆம் பிரிவு 2022 ஏப்ரலில் அமலுக்கு வந்தும், கோயம்புத்தூர் எலும்பு அறுவை மருத்துவர் ராஜசேகரன் தொடுத்த பொதுநல வழக்கில் உச்சநீதிமன்றம் 2025 ஜனவரியில் கெடு விதித்து, அந்தக் கெடுவும் கடந்த பிறகே, மே 5-ஆம் தேதி, ஏழு நாளைக்கு ஒன்றரை லட்சம் வரையிலான கட்டணமில்லாச் சிகிச்சைத் திட்டம் அறிவிக்கப்பட்டது. அந்த மூன்று ஆண்டுகளில் உயிரிழந்தவர்களுக்கு எந்த இலாகா பதில் சொல்லும்? கம்பெனிகளின் பொறுப்பு எவ்வளவு என்று முன்கூட்டியே தெரியவேண்டுமென்பதில் காட்டிய கவனத்தில் ஒரு பங்கை ஊனமுற்றவனின் ஆயுட்செலவில் காட்டியிருந்தால், 2018 அட்டவணையின் நாலு வரிகளை அப்படியே 164-இல் சேர்த்திருக்கலாம். அதற்குப் புதிய கமிட்டியும் வேண்டியதில்லை. வரைவு அவர்கள் கையாலேயே எழுதப்பட்டு அரசிதழில் கிடக்கிறது.

பெரிய அமர்வில் நம் தரப்புக்கு வாதாடப்போகும் நண்பர்கள், உரிமையாளர், மூன்றாம் நபர் என்ற பிரச்னையோடு நில்லாமல், பல்லையும் முதுகுத்தண்டையும் ஒன்றாக்கிய இந்தச் சமன்படுத்தலையும் நீதிபதிகளின் கவனத்துக்குக் கொண்டுவரவேண்டும். நம் வாசகர்களிடம் வேண்டுவது இரண்டு. 149-இன் சம்மதப் படிவத்தோடு கட்சிக்காரர் வந்தால், ஒப்பமிடுமுன் 166-இன் காப்புரையைத் தமிழில் வாய்விட்டு வாசித்துக் காட்டுங்கள். வாசித்துக் காட்டியதைத் தேதியிட்டுக் குறித்து வையுங்கள். தண்டுவடம், மூளை, அங்கஹீனம் ஆகிய காயங்களில் இரண்டரை லட்சத்தோடு முடிந்துபோன உத்தரவுகள் உங்களிடம் இருந்தால், பெயரை மறைத்து ஒரு நகலை அனுப்புங்கள். அவற்றைத் தொகுத்து, 2018 அட்டவணைப்படி ஒவ்வொருவருக்கும் உரியதாயிருந்திருக்கும் தொகையை எதிரே எழுதி, சாலைப் போக்குவரத்து அமைச்சகத்துக்கு இவ்விதழின் சார்பில் மகஜர் அனுப்ப உத்தேசித்திருக்கிறோம். முதல் வரியில் அந்தக் கொத்தனாரின் கணக்கு இருக்கும்.