குதிரையா, குதிரா?

குடும்ப வாட்ஸ்அப் குழுவில் வாரம் ஒருமுறையாவது அந்தச் செய்தி வந்துவிடுகிறது: ‘பழமொழியின் உண்மையான அர்த்தம் தெரியுமா?’ ஆயிரம் பேரைக் கொன்றவன் இல்லையாம். ஆயிரம் ‘வேரை’க் கொன்றவன்தான் அரை வைத்தியனாம். மூலிகை வேர்களைத் தேடித் தேடிக் கற்றவன் என்று விளக்கம். கேட்க நன்றாகத்தான் இருக்கிறது.

ஆனால் பழமொழி சொன்ன வாய்க்குக் கிண்டலே தெரியாதா என்ன? வைத்தியரைக் கேலி செய்யாத ஊர் ஏது? அரைகுறை ஹக்கீம் உயிருக்கு ஆபத்து என்கிறது உருதுப் பழமொழி. நோயாளிகளின் உயிரை வைத்துத்தான் வைத்தியர்கள் தொழில் பழகுகிறார்கள் என்று ரோமாபுரியின் பிளினி 1,900 ஆண்டுகளுக்கு முன்பே குறைப்பட்டுக்கொண்டார். அங்கெல்லாம் வேருக்கு வேலையே இல்லை.

அடுத்தது மண் குதிரை. அதை நம்பி ஆற்றில் இறங்கலாமா என்பதை, ‘மண் குதிர்’, அதாவது ஆற்று மணல்திட்டு என்று திருத்துகிறார்கள். குதிர் என்றால் ஊரில் தெரிந்தது நெல் கொட்டிவைக்கும் கூடுதான். ‘எங்கப்பன் குதிருக்குள் இல்லை’ என்று பையன் காட்டிக்கொடுத்தது அதற்குள் ஒளிந்த அப்பனைத்தானே? அய்யனார் கோயில் வாசலில் மண் குதிரைகளைப் பார்த்து வளர்ந்தவர்களுக்கு உரையே வேண்டியதில்லை. சுட்ட குதிரையோ சுடாத குதிரையோ, ஆற்றைக் கடக்க உதவாது.

பழமொழிக்கு ஆசிரியர் கிடையாது. வாய்க்கு வாய், ஊருக்கு ஊர் சொல் மாறும். பீட்டர் பெர்சிவல் 1842இல் யாழ்ப்பாணத்தில் ஒரு தொகுப்பு வெளியிட்டார். 1874இல் சென்னையில் வந்த அவருடைய பதிப்பில் ஆறாயிரத்துக்கும் மேல். 1897இல் ஜென்சனின் தொகுப்பு. பின்னிரண்டும் இன்று இணையத்திலேயே கிடைக்கின்றன. ஃபார்வர்ட் செய்வதற்கு முன் ஒருமுறை புரட்டலாம்.

வேரும் குதிரும் வெறும் விளையாட்டு என்று விட்டுவிடலாம். ‘சேலை கட்டிய மாதரை நம்பாதே’ என்பதை அப்படி விட முடியாது. அது ‘சேல் அகட்டிய’ மாதராம். மீன் போன்ற கண்ணை அகட்டிப் பார்ப்பவளாம். பெண்ணை இழிவாகப் பேசிய காலம் ஒன்று இருந்ததை எழுத்துப் பிழையாக்கிவிடுகிற சாமர்த்தியம் இது. தாத்தாக்கள் அதைச் சொன்னார்கள். சொல்லித்தான் பெண்களை அடக்கினார்கள்.

அதே வீட்டு அடுப்படியில் பதிலும் பிறந்தது. மாமியார் உடைத்தால் மண்குடம், மருமகள் உடைத்தால் பொன்குடம். இதற்கு மட்டும் ‘உண்மையான அர்த்தம்’ தேடி இதுவரை யாரும் செய்தி அனுப்பவில்லை.