குடியிருப்பவர்களும் குடிபுக வந்தவர்களும்

சென்ற வாரம் என் தம்பி ஹோட்டலில் எதையோ சாப்பிட்டுவிட்டு வந்தான்; இரவெல்லாம் வயிற்றுப்போக்கு. விடிந்ததும் டாக்டர் சீட்டு இல்லாமலே நாலு ஆன்டிபயாடிக் மாத்திரைகளுடன் வந்து நின்றான்.

"கிருமியைக் கொல்ல வேண்டாமா, அண்ணா?"

"கொல்லலாமடா! எந்தக் கிருமியை?" என்றேன்.

நம் குடலில் கோடி கோடியாகக் கிருமிகள் குடியிருக்கின்றன. பயப்படாதீர்கள்! பெரும்பாலும் சாதுக்கள்தான். இடத்தையெல்லாம் அடைத்துக்கொண்டு, கிடைக்கும் உணவையும் தின்று தீர்த்துவிடும். புதிதாக நுழையும் நோய்க் கிருமிக்குத் திருவிழாக் காலத்து ரயிலில் ஏறியவன் கதிதான்!

1954-ல் சிகாகோவில் ஆராய்ச்சியாளர்கள் இதைச் சோதித்துப் பார்த்தார்கள். சாதாரணச் சுண்டெலிக்கு நோய் பற்றச் சுமார் ஒரு லட்சம் சால்மொனெல்லா கிருமிகள் தேவைப்பட்டன. முதலில் ஸ்ட்ரெப்டோமைசின் மருந்தைக் கொடுத்த சுண்டெலிகளுக்கோ பத்துக்கும் குறைவான கிருமிகளே போதுமாக இருந்தன! மருந்து, காவல்காரர்களையும் சேர்த்துக் கொன்றுவிட்டது.

சால்மொனெல்லா லேசுப்பட்டதல்ல. குடலில் அழற்சியை மூட்டிவிடும். அந்த அழற்சியில் டெட்ராதயோனேட் என்றொரு பொருள் உண்டாகிறது. குடியிருக்கும் கிருமிகளில் பெரும்பாலானவற்றுக்கு அதனால் பயனில்லை. சால்மொனெல்லாவோ, பிராணவாயுவுக்குப் பதிலாக அதை வைத்தே சுவாசித்துப் பெருகுகிறது. கலிபோர்னியாவில் 2010-ல் வெளியான கண்டுபிடிப்பு இது. வீட்டுக்குத் தீ வைத்து, அந்தப் புகையிலேயே கொழுக்கும் ஜாதி!

ஆன்டிபயாடிக் சாப்பிட்டு ஓய்ந்த குடலில் 'டிஃபிஸில்' என்ற கிருமி புகுந்து, பேதியால் ஆளை வாட்டுவதும் உண்டு. நெதர்லாந்தில் இந்நோய் திரும்பத் திரும்ப வந்தவர்களுக்கு, ஆரோக்கியமான மனிதரின் மலத்தைக் கரைத்துக் குழாய் வழியே குடலுக்குள் செலுத்தினார்கள். முகத்தைச் சுளிக்காதீர்கள், 16 பேரில் 15 பேர் குணமானார்கள்! வான்கோமைசின் மருந்து மட்டும் சாப்பிட்ட 13 பேரில் குணமானவர்கள் 4 பேர்தான். 2013-ல் வெளியான முடிவு இது. பழைய குடித்தனக்காரர்கள் திரும்பி வந்ததும் எதிரி இடத்தைக் காலி செய்துவிட்டான்!

ஆன்டிபயாடிக் வேண்டவே வேண்டாமென்று சொல்லவில்லை. அது பிரம்மாஸ்திரம். டாக்டர் எய்யச் சொன்னால், சொன்னபடி எய்ய வேண்டும்; கொசுவுக்கெல்லாம் எய்யக் கூடாது.

தம்பியை டாக்டரிடம் இழுத்துப் போனேன். அவர் சோதித்துவிட்டு, உப்பும் சர்க்கரையும் அளவாகக் கலந்த கரைசலைக் குடிக்கச் சொன்னார். மாத்திரை வேண்டாமென்று விட்டார். இரண்டே நாளில் தம்பி எழுந்து உட்கார்ந்து, இட்லி கேட்டான்.

"எப்படியடா இருக்கிறது?" என்றேன்.

வயிற்றைத் தடவிக்கொண்டே சொன்னான்: "உள்ளே எல்லோரும் சௌக்கியம், அண்ணா!"