இன்ஜினுக்கு எண் உண்டு. கரி அள்ளியவருக்குப் பெயர் இல்லை

நாகப்பட்டினத்துக்கும் திருச்சிக்கும் இடையே 1862-லேயே ரயில் ஓடியது. தென்னிந்திய ரயில்வேயின் பணிமனையும் முதலில் நாகையில்தான் இருந்தது. பிறகே பொன்மலைக்குப் போனது. அதையொட்டிய ஆட்குறைப்பை எதிர்த்து, 1928-ல் சிங்காரவேலர் முதலானோர் தலைமையில் பெரும் வேலைநிறுத்தம் நடந்தது.

நீராவிக் காலத்து லோகோ ஷெட் படங்களை இன்று பலரும் ஆசையாகச் சேகரிக்கிறார்கள். நல்லதுதான். ஆனால் படக்குறிப்பில் இன்ஜினின் எண், வகை, கட்டிய கம்பெனி எல்லாம் இருக்கும். கூடையோடு ஓரத்தில் நிற்பவர் வெறும் 'தொழிலாளி'.

வெள்ளையர் காலத்தில் டிரைவர் வேலையில் ஐரோப்பியருக்கும் ஆங்கிலோ இந்தியருக்கும்தான் முதலிடம். கரி சுமப்பதும், சூடு ஆறாத சாம்பலைக் குழியிலிருந்து வாருவதும், கொதிகலனின் நெருப்பறைக்குள் புகுந்து கரியைச் சுரண்டுவதும் கூலிகளுக்கும் கலாசிகளுக்கும். அந்தக் கூடை யார் தலையில் ஏறியது என்பதைச் சாதிதான் பெரும்பாலும் தீர்மானித்தது. நீராவி போன பின்னும் அந்தப் பழக்கம் போகவில்லை. கையால் மலம் அள்ளுவதைத் தடை செய்யும் 2013-ஆம் ஆண்டுச் சட்டத்தில் ரயில் தண்டவாளத்தைத் தனியே குறிப்பிட வேண்டியிருந்ததே, அதற்குச் சாட்சி.

ஷெட்டில் உழைத்த முதியவர்கள் சிலர் இன்னும் நம் தெருக்களில் இருக்கிறார்கள். படங்களை அவர்களிடம் காட்டி, அடையாளம் கேட்டுப் பெயர்களை எழுத வேண்டும். ரயில்வே தன் பழைய பணிப்பதிவேடுகளை அழிக்காமல் திறந்துவைக்க வேண்டும். இரும்பைப் பாதுகாக்கும் அருங்காட்சியகம், அதை ஓடவைத்தவர்களின் பெயர்களையும் பாதுகாக்கட்டும் என்பதே நம் கோரிக்கை.